தரையை 4 அங்குலம் உயர்த்தி டைல்ஸ் போடுவது: கடலோர வீட்டுக்கு எது சரி?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலுக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு. கான்கிரீட் தரை, மேலே சிவப்பு ஆக்ஸைடு பூச்சு. வாசல் ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் மேலேறி, இப்போது ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிடுகிறது. அதனால் தரையை 4 அங்குலம் உயர்த்தி விட்ரிஃபைடு டைல்ஸ் போட நினைக்கிறீர்கள். ஒரு கொத்தனார் பழைய தரையை முழுக்க உடைக்கச் சொல்கிறார். இன்னொருவர் உடைக்கவே வேண்டாம், மணலைக் கொட்டி அதன்மேல் கலவையைத் தடிமனாகப் போட்டு ஒரே வாரத்தில் டைல்ஸ் பதித்துத் தருகிறேன், மணலும் பக்கத்திலேயே சும்மா கிடைக்கும் என்கிறார். யார் சொல்வது சரி, மாடி அறையையும் இதே மாதிரி உயர்த்தலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியாக, மூலைகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது.

சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இந்தக் கரையோரத்தில் புது வீட்டு வேலைகளையும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளையும் பல ஆண்டுகளாக மேற்பார்வை பார்த்து வருகிறேன். பழைய தரை உறுதியாக இருந்தால் உடைக்க வேண்டியதில்லை. அதற்காக, ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்ற வேலைக்கும் சம்மதித்துவிடாதீர்கள். தரையை உயர்த்துவது ஒரு வேலை, டைல்ஸ் பதிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே கலவையில் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிற வீடுகளில்தான் பின்னால் டைல்ஸ் கிளம்புகிறது, தட்டினால் பொக்கையாகக் கேட்கிறது. நம் கரையில் இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று இருக்கிறது: கீழிருந்து ஏறும் உப்பு ஈரத்தை மறிப்பது.

சிமெண்ட் கெட்டுப்போனதால் அந்த வெள்ளைப் பொடி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உப்பு. நம் பக்கம் சில அடி தோண்டினாலே நீர் ஊறும், அதில் உப்பும் இருக்கும். கான்கிரீட் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்தத் துளைகள் வழியே நீர் மேலே ஏறுகிறது. மேற்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், கூட வந்த உப்பு அங்கேயே தங்கிப் படியும். ஈரம் ஏறிக்கொண்டிருக்கும் வரை நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் அது வரத்தான் செய்யும். இதன்மேல் அப்படியே விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால், அந்த டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நீரை உறிஞ்சும் என்பதால், ஈரம் அதன் வழியே வெளியேற முடியாது. இணைப்புகள் வழியாக வரும். மழைக்காலம் முடிந்ததும் கிரவுட் கோடுகளில், அதாவது டைல்ஸ் இடைவெளியை அடைக்கிற பூச்சில், வெள்ளை பூக்கும், அப்புறம் கிரவுட்டே பொடிந்து உதிரும். உப்புப் படிகம் துளைக்குள் வளரும்போது கொடுக்கிற அழுத்தம் பெரியது. கடலோர வீடுகளில் சுவரின் அடிப்பூச்சு கை பட்டாலே உதிர்வதும் அதனால்தான். கடப்பாக் கல், மார்பிள் போட்ட வீடுகளில் கல்லின் மேல்தோலே செதில் செதிலாகப் பெயர்வதைப் பார்த்திருக்கிறேன்.

உப்பு மேலிருந்தும் இறங்கியிருக்கலாம். கருவாட்டு மூட்டையோ, ஐஸ் பெட்டியோ, ஈர வலையோ நெடுநாள் வைத்திருந்த அறை உங்கள் வீட்டில் இருந்தால் அந்த இடத்துத் தரை உப்பில் ஊறிப்போயிருக்கும். அங்கே மட்டும் மேல் அடுக்கைக் கொத்தி எடுத்து வெளியே கொட்டிவிடுங்கள். அந்தக் கழிவையே திரும்ப நிரப்பப் பயன்படுத்த விடாதீர்கள்.

ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடி சதுரத்துக்கு உள்ளே தெரியும் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, மூடியிருந்த இடம் சுற்றிலும் உள்ள தரையைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அறைக்கு ஓர் இடம், வெளிச்சுவரை ஒட்டி ஓர் இடம் என்று செய்யுங்கள். ஆனால் பங்குனி, சித்திரையில் செய்து தாள் காய்ந்திருந்தால் ஈரமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் நீர்மட்டம் ஏறியிருக்கும்போது கிடைக்கிற முடிவைத்தான் நான் நம்புவேன். உங்கள் வீட்டில் பொடி பூத்திருப்பதே போதுமான சாட்சி. சோதனை எந்த அறையில் அதிகம் என்று காட்டித் தரும், அவ்வளவுதான்.

அடுத்து, தரையைத் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஓசை வந்தால் நல்லது. பொத்தென்று கேட்கிற இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். நம்முடையது மணல் பூமி. பாத்ரூம் குழாய் கசிந்தாலோ, கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுந்துகொண்டிருந்தாலோ தரைக்கு அடியில் உள்ள மணல் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு போய்விடும். பெருச்சாளி வளை தோண்டியிருந்தாலும் இதே கதைதான். மேலே கான்கிரீட் பாலம் மாதிரி நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. அதன்மேல் இன்னும் மூன்றரை அங்குலக் கான்கிரீட்டை ஏற்றினால் என்றைக்காவது உட்காரும். அந்த இடங்களை மட்டும் உடைத்து, மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, பழைய மட்டத்துக்குக் கான்கிரீட் போட்டு மூடிவிடுங்கள். விரிசலில் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் அங்கேயும் இதேதான். கரையான் மருந்து அடிப்பதாக இருந்தால் அதற்கும் இதுதான் சமயம். தரையில் பாதிக்குமேல் பொக்கையாகக் கேட்டால்தான் முழுக்க உடைக்கச் சொன்னவர் சொல்வது சரி.

தரை உறுதி என்று தெரிந்துவிட்டால், அதைக் கொத்திவிட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. உயர்த்துவது 1 அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் என்றால் கொத்தியே ஆக வேண்டும். அவ்வளவு மெல்லிய அடுக்குக்குத் தனியாக நிற்கப் பலம் கிடையாது, பழைய தரையோடு ஒட்டினால்தான் உண்டு. ஆக்ஸைடு பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊற வைத்து, மேலே நீர் தேங்காத பதத்தில் சிமெண்ட் பால் அடித்து, அது காயும் முன்னால் கலவையைப் போட வேண்டும். சிமெண்ட் பாலைக் காலையில் அடித்துவிட்டுச் சாப்பிட்டு வந்து கலவை போட்டால், காய்ந்த பால் நடுவே ஒரு தோலாக நின்று இரண்டையும் பிரித்துவிடும். வருடக்கணக்கில் மெழுகு ஏறிய ஆக்ஸைடு தரையில் கொத்தாமல் போட்ட பூச்சு எதுவும் பிடிக்காது.

உங்களுக்கு வேண்டியதோ 4 அங்குலம். இங்கே நிலைமை வேறு. 2 அங்குலத்துக்குக் குறையாமல் கான்கிரீட் போட்டால் அது பழைய தரையோடு ஒட்டாமலே தன் கனத்தில் நிற்கும். ஒட்ட வேண்டியதில்லை என்னும்போது, இரண்டுக்கும் நடுவே பாலித்தீன் தாள் விரிக்க இடம் கிடைக்கிறது. உப்பு ஈரத்தை அங்கேயே மறித்துவிடலாம், கொத்துக் கூலியும் மிச்சம். அதனால்தான் கடலோர வீட்டுத் தரைத்தளத்துக்கு இந்த வழியைச் சொல்கிறேன். தாள் 250 மைக்ரான் கனம் வேண்டும். கடையில் 1000 கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள். தரையில் துருத்திக்கொண்டிருப்பதைத் தட்டிவிட்டு, சுத்தமாகப் பெருக்கி, தாளை விரியுங்கள். ஒரு தாள்மேல் அடுத்த தாள் 6 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும், அந்த ஓரம் முழுக்க டேப் ஒட்ட வேண்டும். கலவைப் பாண்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடக்கும்போது தாள் கிழியத்தான் செய்யும், ஆகையால் நடக்கிற வழியில் சாக்கைப் போட்டு வையுங்கள். கிழிந்தால் அதன்மேல் ஒரு துண்டை ஒட்டிவிட்டுத்தான் கான்கிரீட்டைக் கொட்ட வேண்டும்.

இதில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற இடம் சுவரோரம். வீடு கட்டும்போது அடித்தளச் சுவரின் தலையில், பழைய தரைமட்டத்தை ஒட்டி, ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று போட்டிருப்பார்கள். டிபிசி என்பது அதுதான். பூமியிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரத்தை அது அங்கேயே நிறுத்துகிறது. இப்போது தரையை 4 அங்குலம் உயர்த்தினால், புதுக் கான்கிரீட் அந்தத் தடுப்புக்கு மேலே இருக்கிற சுவரைத் தொடும். தரையின் ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுவருக்குள் போய்விடும். தரையை உயர்த்தின வருடத்திலேயே இதுவரை இல்லாத ஓதம் சுவரில் ஏறிவிட்டது என்று என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். எனவே தாளைச் சுவரோரத்தில் வெட்டிவிடாமல், சுவரில் மடித்துப் புதுத் தரைமட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே வரை ஏற்றி நிறுத்துங்கள். மிச்சத்தைக் கடைசியில் வெட்டிவிடலாம், ஸ்கர்ட்டிங் டைல்ஸ் மறைத்துவிடும்.

கான்கிரீட் எவ்வளவு கனம் என்பதை மேலிருந்து கீழே கணக்குப் போடுங்கள். முடிந்த தரை 100 மில்லிமீட்டர் உயர வேண்டும். டைல்ஸ் 10 மில்லி, ஒட்டுகிற பசை 5 மில்லி. மீதி 85 மில்லி, ஏறக்குறைய மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பசைக்குப் பதிலாக 1 அங்குலக் கலவையில் பதிப்பதானால் கான்கிரீட் இரண்டரை அங்குலம். கலவை விகிதம் 1:3:6 போதும், அதாவது சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, ஜல்லி ஆறு. கனம் மூன்று அங்குலத்துக்கு மேல் என்றால் முக்கால் அங்குல ஜல்லி போடலாம், இரண்டரை என்றால் அரை அங்குல ஜல்லி. உதாரணமாக 12க்கு 14 அடி அறை ஒன்றை 85 மில்லி கனத்துக்கு நிரப்ப 6 மூட்டை சிமெண்ட், 22 கனஅடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்), 44 கனஅடி ஜல்லி பிடிக்கும். சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட வாங்கிக்கொள்ளுங்கள். விரிசல் வராமலிருக்கக் கம்பி வலை போடலாமா என்று கேட்பார்கள். கடலோரத்தில் நான் வேண்டாம் என்பேன். அவ்வளவு மெல்லிய கான்கிரீட்டில் கம்பிக்குப் போதிய மூடல் கிடைக்காது, உப்புப் பட்டால் துருப்பிடிக்கும், துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், டைல்ஸைத் தூக்கிவிடும். அறைக்கு அறை வாசற்படி நேரே கான்கிரீட்டைப் பிரித்துப் போட்டாலே விரிசல் பெரும்பாலும் அடங்கிவிடும். மேலே சிமெண்ட் தூவி வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள். மரக்கட்டையால் தேய்த்த சொரசொரப்பில்தான் பசை பிடிக்கும்.

மணல் சும்மா கிடைக்கும் என்று அவர் சொன்னது கடற்கரை மணலைத்தான் என்று நினைக்கிறேன். வேண்டவே வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புப்படி அதை அள்ளுவது தடை செய்யப்பட்ட காரியம். அதோடு, உப்பை மறிக்கத் தாளை விரித்துவிட்டு, அந்தத் தாளுக்கு மேலேயே உப்பு மணலைக் கொட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண். உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். காற்றே ஈரமாக இருக்கிற நாட்களில் தரை வியர்த்துக் கிடப்பதற்கு அது ஒரு காரணம். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடலாம் என்றும் சொல்வார்கள். உப்பு நீங்கியதா என்று ஆய்வகத்தில் சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அலசுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் நம்மிடம் கொட்டியா கிடக்கிறது? எம்-சாண்ட் வாங்குங்கள். பூச்சுக்கு விற்கிற பி-சாண்டும், குவாரி டஸ்டும் கான்கிரீட்டுக்கு ஆகாது. லாரி இறங்கும்போதே கையில் அள்ளிப் பாருங்கள். சிப்பித் துண்டு தென்பட்டாலோ, நாக்கில் வைத்தால் கரித்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கம்பி இல்லாத கான்கிரீட்டில் கலக்கிற நீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை இருக்கலாம், கம்பி உள்ளதில் 500தான் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 வரையறுக்கிறது. கடல்நீரில் ஏறக்குறைய 19,000 இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் அந்த வரம்புக்குள்ளும் இருக்கலாம், அதைத் தாண்டியும் இருக்கலாம், கோடையில் ஒரு மாதிரி, மழைக்குப் பின் ஒரு மாதிரி. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள், செலவு அதிகமில்லை. சிலர் கலக்க மட்டும் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கிவிட்டு, நனைப்பதற்கு உப்புத் தண்ணீரை விடுகிறார்கள். அந்த உப்பும் தரைக்குள்தான் போகிறது.

நனைப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்கு 10 நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வேலை செய்தால், தேய்த்து முடித்த கொஞ்ச நேரத்திலேயே மேற்பரப்பு வறண்டு, முடி மாதிரி விரிசல் ஓடிவிடும். வெயிலைவிடக் காற்றுதான் இதற்குக் காரணம். காற்று வருகிற பக்கத்து ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு, தேய்த்து முடித்ததும் பாலித்தீனால் மூடிவிடுங்கள். மறுநாள் ஈரச் சாக்கு போடலாம், அல்லது ஓரத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கலாம்.

இப்போது அந்த ஒரு வாரத் திட்டம் ஏன் கூடாது என்று சொல்கிறேன். தடிமனாகக் கலவை போட்டுப் பதிப்பது என்றால், சிமெண்டையும் மணலையும் ஏறக்குறைய உலர்வாகவே கலந்து 3, 4 அங்குலத்துக்கு நிரவி, மேலே சிமெண்ட் பாலை ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவார்கள். ஒரு அங்குலத்துக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். நாலு அங்குலத்தில் ஊற்றின பால் மேல் அடுக்கோடு நின்றுவிடும். அடியில் இருப்பது சிமெண்ட் தூவிய வெறும் மணல்தான். சுத்தியல் தட்டில் அது இறுகாது. அதற்கும் அடியில் மணல் வேறு கொட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டில் கால், பீரோ கால் நிற்கிற இடத்தில் டைல்ஸ் முதலில் இறங்கும். ஒருமுறை தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், இரண்டு தரைக்கும் நடுவே அந்த மணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயவே காயாது.

கான்கிரீட் போட்டு நனைத்து முடித்தபின், கலவையில் பதிப்பதானால் இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம். பசையில் ஒட்டுவதானால் 28 நாள் விடுவதே நல்லது, சுருங்குவதெல்லாம் கொஞ்சமாவது அடங்கியிருக்கும். விட்ரிஃபைடு டைல்ஸுக்கு நான் பசையைத்தான் சொல்வேன். நீரை உறிஞ்சாத டைல்ஸ் ஓட்டின் முதுகை வெறும் சிமெண்ட் பால் சரியாகப் பிடிப்பதில்லை. 20 கிலோ மூட்டை 3 மில்லி கனத்தில் 45 முதல் 50 சதுர அடி வரும், நம் கணக்கில் 5 மில்லி என்றால் 30க்குக் கீழேதான். டைல்ஸைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் மாவு மாதிரி வெள்ளைத் தூள் இருக்கும், சூளையில் ஒட்டாமலிருக்கப் பூசுவது. அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பசை தூளைத்தான் பிடிக்கும். பசையைப் பல் கரண்டியால் கோடு கோடாக முழுப் பரப்புக்கும் இழுக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்துவதை அனுமதிக்காதீர்கள். பத்து ஓட்டுக்கு ஒன்றை ஒட்டின உடனே பெயர்த்துப் பாருங்கள், முதுகு முழுக்கப் பசை பட்டிருக்க வேண்டும். ஓட்டுக்கு ஓடு 2 மில்லியாவது இடைவெளி, சுவரோரம் 5 மில்லி இடைவெளி விட்டு, அந்தச் சுவரோர இடைவெளியில் சிமெண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை வெயிலில் ஹால் நடுவே டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி வெடிப்பது, விரிய இடம் இல்லாததால்.

தரை உயரும்போது வீட்டில் வேறு என்னென்ன மாறும் என்று முதலிலேயே டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். கதவுகளின் அடியில் 4 அங்குலம் வெட்ட வேண்டும். அடிச்சட்டம் ஆறு அங்குலமே உள்ள தேக்குக் கதவானால் பொருத்தே பலமிழந்துவிடும், ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். 33 அங்குலமாக இருந்த சமையல் மேடை 29 ஆகிவிடும், நின்று சமைக்கிறவருக்கு முதுகு வலிக்கும். அதையும் உயர்த்தப் பணம் ஒதுக்கி வையுங்கள். ஹாலிலிருந்து மாடிப்படி ஏறுகிறது என்றால், 6 அங்குலமாக இருந்த முதல் படி 2 அங்குலம் ஆகிவிடும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. மற்றப் படிகள் ஒரு உயரமும் முதல் படி ஒரு உயரமுமாக இருந்தால் வயதானவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். முதல் படியையே தரையோடு கரைத்துவிடுவது போல மட்டத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். தரையை 6 அங்குலமாகவே உயர்த்தினால் சில வீடுகளில் கணக்கு நேராகிவிடும். வெளி வாசற்படியில் இதற்கு நேர்மாறாக மேல் படி 10 அங்குலம் ஆகும், அங்கே ஒரு படி சேர்க்க வேண்டும். பாத்ரூமையும் கூடவே உயர்த்தி, அறைத் தரையைவிட முக்கால் அங்குலமாவது தாழ்வாக நிறுத்துங்கள், வடிகுழாய் வாயையும் அதற்கேற்ப நீட்ட வேண்டியிருக்கும்.

மாடி அறையை 4 அங்குலம் உயர்த்தாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு 2400 கிலோ. 100 மில்லி கனம் என்றால் சதுர மீட்டருக்கு 240 கிலோ. வீட்டு அறைகளில் ஆட்களும் சாமான்களும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது நீங்கள் ஒரு சாமானும் வைக்காமலேயே, அறை நிறைய ஆட்கள் எப்போதும் நிற்கிற பாரத்துக்கு மேலான பாரத்தைத் தளத்தின்மேல் நிரந்தரமாக ஏற்றுகிறீர்கள். கடலோரத்து வயதான தளத்தில் கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ. கீழ் அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கறையோ, கம்பி ஓடுகிற திசையில் நேர்க்கோட்டு விரிசலோ தெரிந்தால், டைல்ஸை விட்டுவிட்டு முதலில் தளத்தை ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். தளம் நன்றாக இருந்தால், ஆக்ஸைடு பூச்சைச் சொரசொரப்பாக்கிவிட்டுப் பசையில் நேரடியாக டைல்ஸ் ஒட்டலாம். பாரம் சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவில் முடிந்துவிடும்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. கீழக்கரைப் பக்கமும் ராமேஸ்வரம் பக்கமும் பழைய வீடுகளில் கடல் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர்கள் உண்டு, அவற்றில் ஈரத்தடுப்பே இருக்காது. உங்கள் வீட்டில் ஒரு பகுதியாவது அப்படி இருந்தால், தரை வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்தைத் தாள் போட்டு அடைத்ததும் அதில் ஒரு பங்கு சுவரில் ஏறலாம். எவ்வளவு ஏறும் என்பது சுவருக்குச் சுவர் மாறும், செய்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட சுவரின் அடிப்பகுதியில் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்காமல் சுண்ணாம்பே அடித்து விட்டால் ஈரம் வெளியேற வழி இருக்கும். அடித்தளம் உட்காருகிறதா என்பதையும் எழுத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நான் சொன்னதெல்லாம் மணல் பூமிக்குத்தான். முதுகுளத்தூர், கமுதிப் பக்கக் கரிசல் மண்ணில் வீடு உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே மண்ணே வீங்கிச் சுருங்கும்.

ரோட்டுத் தண்ணீருக்கு 4 அங்குலம் போதுமா என்பதையும் இந்த ஐப்பசியிலேயே பார்த்துவிடுங்கள். பெரிய மழையில் தண்ணீர் எது வரை நிற்கிறதோ அங்கே சுவரில் கோடு போட்டு வையுங்கள். முடிந்த தரை அந்தக் கோட்டுக்கு 6 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். சுவரைச் சுற்றி வெளியே இரண்டரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் போட்டு, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விடுவதை உள்வேலைக்கு முன்னால் முடியுங்கள். தை பிறந்ததும் தட்டிப் பார்த்துப் பொக்கையைச் சரிசெய்து, மாசியில் கான்கிரீட் போட்டால், பங்குனிக்குள் டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்கலாம். கச்சானுக்கு முன்னால் வீடு உங்கள் கைக்கு வந்துவிடும். டைல்ஸ் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்த்து, இருபதுக்கு ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள்.